மூன்று விசிறிக்கு அனுமதி இல்லை

ஓரகத்தியின் நகையைப் பார்த்து வயிறெரிந்தவர்கள் உலகத்தில் ஏராளம். வீட்டைப் பார்த்து, காரைப் பார்த்து, பிள்ளையின் மதிப்பெண்ணைப் பார்த்து எரிந்தவர்களும் உண்டு. இந்தக் கதையில் வருகிற பெரியவளுக்கு எரிந்தது, ஓரகத்தியின் கம்ப்யூட்டருக்குள் இருந்த ஒரு கிராபிக்ஸ் கார்டைப் பார்த்து.

மூத்த மருமகள் என்பதால் பெரியவள், இளையவள் சின்னவள். மாமியார் வாயில் வந்த இந்தப் பெயர்கள்தான் வீட்டில் எல்லோருக்கும் பழக்கம். மாமியார் இருந்தது பெரியவள் வீட்டில். சாப்பிட்டது அங்கே, மாத்திரை போட்டது அங்கே, டிவி ரிமோட்டைத் தொலைத்துவிட்டு எல்லோரையும் தேடவிட்டது அங்கே. புகழ்ந்தது மட்டும் சின்னவளை.

பெரியவளுக்கு வீடியோ எடிட்டிங் என்றால் உயிர். காசுக்காகச் செய்வதில்லை. குடும்பம் எங்காவது போனால் போனில் படம் எடுப்பாள். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வெட்டி ஒட்டுவாள். ஒருவர் பேசி முடித்த பிறகு அவர் முகத்தில் வந்து போகிற அந்தச் சின்ன அசைவு வரைக்கும் பொறுத்திருந்து வெட்டத் தெரிந்தவள். ஆனால் அவளுடைய கம்ப்யூட்டர் பழசு. கொஞ்சம் நிறத்தைச் சரிசெய்யச் சொன்னால் போதும், உள்ளே இருக்கிற விசிறி ஊரைக் கூட்டும், திரை அப்படியே உறைந்து நிற்கும். வெட்டிய துண்டுகளையெல்லாம் கம்ப்யூட்டர் ஒரே படமாகச் சுட்டெடுப்பதற்கு ரெண்டரிங் என்று பெயர். "படம் என்ன ஆச்சு?" என்று யார் கேட்டாலும் பெரியவள், "ரெண்டர் ஆகிட்டிருக்கு" என்பாள். கேட்டுக் கேட்டுச் சின்னவள் வீட்டுப் பிள்ளைகள் அவளுக்கு 'ரெண்டர் பெரியம்மா' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

சின்னவள் இந்த வேலைக்குப் புதுசு. பெரியவளைப் பார்த்துத்தான் ஆசைப்பட்டாள். ஆசைப்பட்ட வேகத்தில் புதுக் கம்ப்யூட்டரும் வந்து இறங்கியது. அதற்குள்ளே, எந்தப் படத்தையும் திரை உறையாமல் ஓட்டுவதற்கென்றே செங்கல் பருமனில் ஒரு கிராபிக்ஸ் கார்டு, கண்ணாடிக் கதவு வழியாக நீலமும் சிவப்புமாக மின்னிக்கொண்டிருந்தது. அவள் படங்களில் யாரும் சும்மா வருவதில்லை. பூவாக வெடித்து வருவார்கள், தீப்பொறியாகச் சிதறிப் போவார்கள்.

"சின்னவ படத்துல நான் மேகத்து மேல நடக்கறேன்டி" என்றார் மாமியார், பெரியவள் பரிமாறிய சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டே.

"என் படத்துல, அத்தை?"

"உன் படத்துல சும்மா ரோட்டுலதான் நடக்கறேன்."

அன்றைக்கு முழுவதும் பெரியவள் பாத்திரங்களோடு மட்டும்தான் பேசினாள். அந்தச் சத்தத்தைக் கேட்ட கணவர், "ஒரு கார்டுதானே, வாங்கிட்டாப் போச்சு" என்றார்.

கம்ப்யூட்டர் கடைக்காரர் அவர்களை மேலும் கீழும் பார்த்தார்.

"கேம் விளையாடவா மேடம், எடிட்டிங்குக்கா?"

"எடிட்டிங்தான். சும்மா வீட்டுக்கு."

"சும்மாவுக்கெல்லாம் இப்ப கார்டு வர்றதில்ல மேடம். செய்யுறதையெல்லாம் பெரிய பெரிய கம்பெனிக்காரங்க லாரியோட அள்ளிட்டுப் போயிடறாங்க. மிச்சம் விழறதுதான் நமக்கு." அதன்பிறகு விலையைச் சொன்னார். கணவர் அங்கே விற்பனைக்கு இருந்த நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்.

பழைய கார்டு விற்கிறவர் ஒருவர் பக்கத்துத் தெருவில் இருந்தார். அவர் துணியில் சுற்றி ஒன்றை எடுத்து வைத்தார். "ஒரு டாக்டர் வெச்சிருந்தது சார். மெயில் பார்க்க மட்டும்தான் யூஸ் பண்ணாரு." கார்டின் ஒரு ஓரம் கருகியிருந்தது. விசிறியில் ஓர் இறக்கையைக் காணோம்.

"டாக்டருக்கு ரொம்ப மெயில் வருமோ?" என்று கேட்டார் கணவர்.

வெறுங்கையோடு திரும்பி வந்த பெரியவளுக்கு அப்போதுதான் தன் அலுவலகத்தின் ஞாபகம் வந்தது.

அவள் வேலை பார்த்தது வரைபடத் தலைமையகத்தில், தெருப்பெயர் திருத்தப் பிரிவில். ஊரில் ஒரு தெருவுக்குப் பெயர் மாறினால் வரைபடத்தில் பழைய பெயரை அழித்துப் புதுப் பெயர் போடுவது அவள் வேலை. முன்பு ஒரு இயக்குநர் இருந்தார். ஊர் முழுவதையும் முப்பரிமாணத்தில் காட்டப் போகிறேன் என்று உயர்ந்த ரக கிராபிக்ஸ் கார்டுகளைப் பெட்டி பெட்டியாக வாங்கிப் போட்டுவிட்டு ஓய்வு பெற்றுப் போனார். அடுத்து வந்தவருக்கு இரண்டு பரிமாணமே அதிகமாகப் பட்டது. கார்டுகள் பிரிக்காத பெட்டியோடு கிடங்கில் கிடந்தன.

இப்படிக் கிடக்கிற பொருட்களை ஊழியர்களுக்குக் குறைந்த விலையில் கொடுப்பதற்கென்றே 'உபரிப் பொருள் மறுபங்கீட்டுக் குழு' என்று ஒன்று அங்கே இருந்தது. குழுவுக்குத் தனி அறை, தனி முத்திரை, தனியாகத் தேநீர் வாங்கி வர ஓர் ஆள். ஊழியரின் 'ஆக்கபூர்வமான பொழுதுபோக்கு'க்கு உதவுவது அதன் தலையாய கடமை என்று வாசலிலேயே பலகை தொங்கியது. பெரியவள் விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் கிடங்குக்குப் போனாள், பொருளை ஒரு தடவை கண்ணால் பார்க்கலாமே என்று.

கிடங்குக் காப்பாளர் கதவைத் திறந்ததும் ஜில்லென்று காற்று வந்து முகத்தில் மோதியது. உள்ளே இரண்டு ஏசி ஓடிக்கொண்டிருந்தது. கார்டுப் பெட்டிகளுக்குக் கீழே மெத்தை விரித்திருந்தது, மேலே வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது.

"மெதுவாப் பேசுங்கம்மா. அதிர்வு ஆகாது" என்றார் காப்பாளர். "வெயில் ஆகாது, தூசி ஆகாது. மாசத்துக்கு ஒரு தடவை இன்ஜினியர் வந்து பார்த்துட்டுப் போறாரு."

பெரியவளின் பிரிவில் எல்லோருக்குமாக ஒரே ஒரு மின்விசிறி. அதற்கு நேர் கீழே பிரிவுத் தலைவர் உட்கார்ந்திருந்தார். மற்றவர்களுக்கு அவருடைய தாள்கள் பறக்கிற சத்தம் மட்டும் கிடைத்தது. முதுகு வியர்த்து நாற்காலியோடு ஒட்டிக்கொள்ள வருடக்கணக்காகத் தெருப்பெயர் அழித்தவள், மெத்தையில் படுத்திருந்த அந்தப் பெட்டிகளைப் பார்த்தாள். சின்னவளைப் பார்த்து எரிந்த அதே இடத்தில் இப்போது கார்டைப் பார்த்தும் எரிந்தது.

"இதுல ஒண்ணு எனக்குக் கிடைக்குமா சார்?"

"உபரின்னு அறிவிச்சாக் கிடைக்கும். ஆனா இதெல்லாம் இன்னும் உபரி ஆகலியேம்மா."

"யாருமே தொடாமத்தானே சார் கிடக்கு?"

"அதேதான். பயன்படுத்தாத பொருள் எப்படிம்மா உபரியாகும்? பயன்படுத்தணும், பயன் தீரணும், அதுக்கப்புறமும் மிஞ்சி நிக்கணும். அதுக்குப் பேருதான் உபரி."

பெரியவள் விடவில்லை. மேசை மேசையாக ஏறி இறங்கி, ஒரு கார்டையாவது பயன்பாட்டுக்குக் கொண்டுவர உத்தரவு வாங்கினாள். குழு அறையில் இருந்த கம்ப்யூட்டரில் கார்டைப் பொருத்தினார்கள். அந்தக் கம்ப்யூட்டருக்கு மின் இணைப்பு கிடையாது. பொருத்துவது எங்கள் வேலை, மின்சாரம் வேறு துறை என்றார்கள். சில வாரம் அப்படியே இருளில் உட்கார்ந்திருந்துவிட்டு, கார்டு முறைப்படி பயன் தீர்ந்து உபரியானது.

அடுத்து நேர்காணல். நீள மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் குழுத் தலைவர், வலப்பக்கம் தொழில்நுட்ப உறுப்பினர், இடப்பக்கம் நிதி உறுப்பினர். தலைவர் நன்றாகப் பேசக்கூடியவர். பேசிய பிறகு தானே ஒரு முறை தலையசைத்துக்கொள்வார்.

"பொழுதுபோக்குக்குக் கார்டு கேட்டிருக்கீங்க. பொழுதுபோக்குன்னா பொழுது போகணும். சரியா?"

"சரி சார்."

"இப்ப உங்க பழைய கம்ப்யூட்டர்ல ஒரு வீடியோ பண்ண எவ்வளவு நேரமாகுது?"

"ஞாயித்துக்கிழமை முழுசும் போயிடும் சார். ஹேங் ஆனா அடுத்த ஞாயித்துக்கிழமையும் போயிடும்."

தலைவர் முகம் மலர்ந்தது. "பாருங்க! பொழுது எவ்வளவு பிரமாதமாப் போகுது! இந்தக் கார்டைக் கொடுத்தா?"

"அரை மணி நேரத்துல முடிச்சிடுவேன் சார்."

"அப்ப மிச்சப் பொழுது எப்படிம்மா போகும்? ஊழியரோட பொழுதுபோக்கை வளர்க்க வந்த குழு, நாங்களே அதைக் கெடுக்கலாமா?" தலைவர் தலையசைத்துக்கொண்டார்.

பெரியவள் வாயில் வந்ததைச் சொன்னாள். "மிச்ச நேரத்துல இன்னொரு வீடியோ பண்ணுவேன் சார்."

மூன்று பேரும் குனிந்து கிசுகிசுத்தார்கள். பதில் விதிகளுக்கு முரணாக இல்லை என்று முடிவானது. அப்போது தொழில்நுட்ப உறுப்பினர் தொண்டையைச் செருமினார். கார்டின் படத்தை எடுத்து மேசையில் வைத்து விரலால் தொட்டுக் காட்டினார்.

"இதுல எத்தனை விசிறி இருக்குன்னு பார்த்தீங்களா?"

"மூணு சார். கார்டு சூடாகாம இருக்க."

"உங்க நிலையில இருக்கிற ஊழியருக்கு எத்தனை விசிறிக்கு அனுமதி?"

பெரியவள் கார்டின் படத்தை இன்னொரு தடவை பார்த்தாள்.

"பிரிவுக்கு ஒண்ணு. துணை இயக்குநருக்கு ரெண்டு. மூணு விசிறிங்கிறது இயக்குநர் தகுதி. நாளைக்கு நீங்க வீட்டுல மூணு விசிறியோட உட்கார்ந்திருந்தா, ரெண்டு விசிறியோட இருக்கிற துணை இயக்குநர் மனசு என்ன பாடுபடும்? அதையும் நாங்க பார்க்கணுமில்லையா?"

துணை இயக்குநரின் மனசு எப்படிப் பாடுபடும் என்பது பெரியவளுக்கு நன்றாகவே புரிந்தது. அந்த விஷயத்தில் மட்டும் குழு சொன்னதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

விசிறிச் சிக்கல் மேலே போய், கீழே வந்து, மறுபடி மேலே போனது. கடைசியில் அந்த மூன்றும் காற்றை மனிதர் மேல் வீசாமல் கார்டின் மேலேயே வீசிக்கொள்வதால், அவற்றைக் கார்டின் சொந்த விசிறிகளாகக் கருதலாம் என்று விலக்கு கிடைத்தது. பெரியவள் வீட்டுக்கு வந்து, "இனிமே கிடைச்ச மாதிரிதான்" என்று கணவரிடம் சொன்னாள். அந்த வாரம்தான் சின்னவள் புதிதாக ஒரு படம் அனுப்பியிருந்தாள். அதில் மாமியார் சிறகு முளைத்து ஏரிக்கு மேலே பறந்தார். அதை மாமியார் பால்காரரிடம்கூடக் காட்டினார்.

மறுநாள் குழு கூப்பிட்டு அனுப்பியது. தலைவர் அன்போடு உட்காரச் சொன்னார்.

"எல்லாம் முடிஞ்சுது. ஒரே ஒரு சின்ன விஷயம். உங்க பொழுதுபோக்கு உண்மையானதுதானான்னு குழு திருப்திப்படணும். அதனால ஒரு மாதிரிப் படம் எடுத்துக் காட்டுங்க. தலைப்பும் நாங்களே யோசிச்சு வெச்சிருக்கோம். 'குழுவின் பணி'. ஆண்டு விழாவுல திரையிடுவோம்."

"என் தலைக்குப் பின்னால சூரியன் உதிக்கணும்" என்று சேர்த்துக்கொண்டார். தொழில்நுட்ப உறுப்பினருக்கு வரைபடத்துக்குள்ளிருந்து முப்பரிமாணத்தில் எழுந்து வர ஆசை. நிதி உறுப்பினர் தங்க நிறத்தில் தெரிந்தால் போதும் என்றார்.

"சார், அதுக்கெல்லாம் நல்ல கார்டு வேணும். அந்தக் கார்டைத்தானே நான் கேக்கறேன்?"

"ஆமா. படத்தைக் கொடுங்க, கார்டை வாங்கிட்டுப் போங்க."

"கார்டு இருந்தாத்தானே சார் படம்?"

"படம் வந்தாத்தானேம்மா கார்டு?" என்றார் தலைவர், அவள் சொன்னதையே அவரும் சொல்வதைப் போல அத்தனை இணக்கமாக.

பெரியவள் போனை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் பேட்டி எடுத்தாள். கேமராவைப் பார்த்ததும் மூவருக்கும் நாக்கு தானாக அவிழ்ந்தது.

"இந்தக் குழு ஆரம்பிச்ச நாள்லேர்ந்து இன்னிக்கு வரைக்கும் ஒரு பொருளைக்கூட வெளிய விட்டதில்ல" என்றார் தலைவர். "மறுபங்கீடுன்னா சாதாரணப் பொறுப்பா? கொடுத்துட்டா முடிஞ்சு போச்சு. கொடுக்காம இருக்கத்தான் நிர்வாகத் திறமை வேணும்."

"கிராபிக்ஸ் கார்டைச் சிலபேர் கம்ப்யூட்டருக்குள்ள போட்டு ஓட்டறாங்க" என்று வருத்தப்பட்டார் தொழில்நுட்ப உறுப்பினர். "அது தேய்மானம். பெட்டிக்குள்ளயே வெச்சிருந்தா ஆயுசுக்கும் புதுசு."

நிதி உறுப்பினர் சுருக்கமாக முடித்தார். "செலவழிக்காத பணம் சேமிப்பு. பயன்படுத்தாத பொருளும் சேமிப்பு. நிராகரிச்ச விண்ணப்பம்தான் எல்லாத்தையும்விடப் பெரிய சேமிப்பு."

வீட்டுக்கு வந்து வெட்டி ஒட்டியபோது பேச்சுகள் அழகாகச் சேர்ந்துகொண்டன. சூரியனைப் போட்டதும் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. மறுபடி மறுபடி எழுப்பிப் பார்த்தாள். சூரியன் தலைவரின் காதுக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டது, அதற்கு மேல் உதிக்க மறுத்தது.

"சின்னவ வீட்டுல போய்ப் பண்ணிட்டு வாயேன்" என்றார் கணவர்.

அவள் பார்த்த பார்வையில் அவர் எழுந்து குளிக்கப் போய்விட்டார். குளித்துவிட்டு வந்து பார்த்தபோது அவள் கைப்பையோடு வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

சின்னவள் அவளை எதிர்பார்க்கவில்லை. "வாங்கக்கா! நீங்க என் கம்ப்யூட்டர்லயா? நிஜமாவா?" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அந்தக் கம்ப்யூட்டரில் பெரியவளின் கை பட்டதும் துண்டுகள் தண்ணீர் மாதிரி ஓடின. எங்கே வெட்டச் சொன்னாலும் வெட்டியது, எந்த நிறம் கேட்டாலும் கண்மூடித் திறப்பதற்குள் மாறியது. சந்தோஷத்தில் தேவையில்லாத இடத்திலும் இரண்டு தடவை வெட்டிப் பார்த்தாள். அடுத்த நொடியே, இது இவ்வளவு நாளும் இவள் வீட்டில் பூ வெடிக்க வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததே என்று நினைத்தாள். மறுபடி எரிந்தது.

சூரியனை உதிக்கவைக்கத் தெரிந்தவள் சின்னவள்தான். தலைவரின் தலைக்குப் பின்னால் கதிர் கதிராக எழுப்பினாள். தொழில்நுட்ப உறுப்பினரை வரைபடத்திலிருந்து முளைக்கவைத்தாள். பெரியவள் பக்கத்தில் உட்கார்ந்து, "இங்க வேண்டாம். அவர் 'ஒரு பொருளைக்கூட வெளிய விட்டதில்ல'ன்னு சொல்லட்டும். அப்புறம் பூட்டின கதவு. அதுக்கப்புறம் சூரியன்" என்றாள்.

சின்னவள் அப்படியே வைத்து ஓட்டிப் பார்த்தாள். சிரித்துச் சிரித்துப் புரையேறியது. "இது எப்படிக்கா உங்களுக்குத் தோணுது? எனக்கு எங்க வெட்டறதுன்னே தெரியாது. அதான் ஒவ்வொரு இடத்துலயும் எதையாவது வெடிக்க விட்டுடறேன்."

பெரியவள் அந்த வார்த்தையைப் பத்திரமாக வீட்டுக்கு எடுத்துப் போனாள்.

ஆண்டு விழாவுக்குக் குடும்பத்தோடு வரலாம் என்று சொல்லியிருந்தார்கள். மாமியார், கணவர், சின்னவள் மூவரும் முன்வரிசைக்கு அடுத்த வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். விளக்கை அணைத்துப் படத்தைப் போட்டார்கள். "கொடுக்காம இருக்கத்தான் நிர்வாகத் திறமை வேணும்" என்று தலைவர் திரையில் சொல்லி முடித்தார். பூட்டிய கதவு வந்தது. அது போய்ச் சூரியன் உதித்தபோது அரங்கமே எழுந்துவிட்டது. நாற்காலி கேட்டு நிராகரிக்கப்பட்டவர்கள், மேசை விளக்கு கேட்டு நிராகரிக்கப்பட்டவர்கள், வெறும் ஸ்டேப்ளர் கேட்டு நேர்காணல் வரைக்கும் போனவர்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், கை சிவக்கத் தட்டினார்கள். தலைவர் எழுந்து நான்கு பக்கமும் வணங்கினார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இத்தனை வருட உழைப்புக்கு இன்றுதான் அங்கீகாரம் கிடைத்தது என்று பக்கத்தில் இருந்த நிதி உறுப்பினரிடம் சொன்னார்.

தலைவர் பெரியவளை மேடைக்கு அழைத்து மைக்கை அவள் முன்னால் நீட்டினார்.

"அற்புதம்! இதை எப்படிம்மா பண்ணீங்க? உங்க பழைய கம்ப்யூட்டர்லயா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நல்ல கார்டு இருந்ததால்தான் முடிந்தது, என் ஓரகத்தியின் கம்ப்யூட்டர், சூரியன் அவள் போட்டது என்று சொன்னால் அங்கேயே கார்டு கையில் வந்துவிடும். பெரியவளுக்கு அது நன்றாகவே தெரியும். வாயைத் திறக்கப் போனவள் கீழே பார்த்தாள்.

சின்னவள் தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள். மடியில் இருந்த கைப்பையை எடுத்துப் பக்கத்து நாற்காலியில் வைத்தாள், கூப்பிட்டதும் எழுந்து நிற்க வசதியாக. மாமியார் பெருமை பொங்க அவள் தோளைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"ஆமா சார்" என்றாள் பெரியவள். "என் பழைய கம்ப்யூட்டர்லதான். தனியாத்தான் பண்ணேன்."

சின்னவள் கைப்பையை எடுத்து மறுபடி மடியில் வைத்துக்கொண்டாள்.

தலைவர் அரங்கத்தின் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா? பழைய கம்ப்யூட்டர்! கார்டு இல்ல, விசிறி இல்ல. இவ்வளவு பிரமாதமா வந்திருக்குன்னா, இவங்களுக்குக் கார்டு எதுக்கு? கார்டு கொடுத்திருந்தா இந்தத் திறமை வெளிய வந்திருக்குமா? இத்தனை நாள் கொடுக்காம இருந்த குழுவோட தொலைநோக்குக்குக் கிடைச்ச வெற்றி இது!" தலையசைத்துக்கொண்டார். விண்ணப்பம் அந்த மேடையிலேயே, ஒலிபெருக்கியில், மிகுந்த பாராட்டுகளுடன் நிராகரிக்கப்பட்டது.

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. அடுத்த வாரம் தலைமையகத்தின் கார் வீட்டு வாசலில் வந்து நின்றது. இத்தகைய சாதனை படைத்த கம்ப்யூட்டரை எல்லா ஊழியர்களும் பார்த்து உத்வேகம் பெற வேண்டும் என்று குழு தீர்மானித்திருந்தது. உறுப்பினர்களே நேரில் வந்து, இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கி, பின் இருக்கையில் வைத்து, பெல்ட்டும் போட்டுவிட்டுப் போனார்கள். கிடங்கில் அதற்கு ஒரு கண்ணாடிப் பேழை தயாராக இருந்தது. 'குறைந்த வசதியில் நிறைந்த சாதனை' என்று மேலே எழுதிவைத்தார்கள். அதன்பிறகு யார் எதைக் கேட்டு வந்தாலும் குழு ஒன்றும் பேசுவதில்லை, அந்தப் பேழைக்கு முன்னால் கூட்டிப்போய் நிறுத்தியது.

பெரியவளிடம் கார்டும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை. சின்னவள் போன் செய்யவில்லை. பெரியவளும் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அலமாரியை அடுக்கினாள், அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கினாள்.

இந்த நேரத்தில்தான் மாமியார் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு, மூன்றாவது முயற்சியில் தேர்வில் ஜெயித்தார். அந்த வயதில் அது சாதாரண விஷயமா? தேர்வு நாளில் வண்டிக்குள் பின் சீட்டில் உட்கார்ந்து பெரியவள் படமெடுத்தாள். வெளியே நின்று சின்னவள் எடுத்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமலே எடுத்தார்கள்.

"படம் எங்கடி?" என்று மாமியார் தினமும் கேட்கத் தொடங்கினார். "உள்ள நான் திட்டினது உன்கிட்ட இருக்கு. வெளிய அந்தக் கம்பத்தை நான் இடிக்காம திரும்பினது அவகிட்ட இருக்கு. ரெண்டும் சேர்ந்தாத்தானே நான் ஓட்டினது தெரியும்?"

பெரியவள் மறுபடி செருப்பை மாட்டினாள்.

சின்னவள் கதவைத் திறந்தாள். வாங்க என்று சொன்னாள், அக்கா என்று சொல்லவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் இருவரும் உட்கார்ந்தார்கள். சின்னவள் இருவருடைய துண்டுகளையும் திரையில் அடுக்கினாள். திரையைப் பார்த்துக்கொண்டே சின்னவள் கேட்டாள்.

"அன்னிக்கு மேடையில ஏன் அப்படிச் சொன்னீங்க? உண்மையைச் சொல்லியிருந்தா உங்களுக்குக் கார்டாவது கிடைச்சிருக்குமே."

பெரியவள் வழியெல்லாம் பல பதில்களைத் தயார்செய்து வைத்திருந்தாள். எல்லாவற்றையும் ஒதுக்கினாள்.

"பொறாமை" என்றாள். "நீ கைப்பையை நகர்த்தி வெச்ச பாரு, அதைப் பார்த்ததும் தாங்கல."

சின்னவள் திரும்பி அவளைப் பார்த்தாள். "எனக்கு மட்டும் இல்லையா? நீங்க ஆபீஸ் போன நேரத்துல அத்தை உங்க படத்தைத்தான் போட்டுப் பார்ப்பாங்களாம், உங்க வீட்டுக்காரர் சொன்னாரு. என்னோடதைப் பார்த்தாத் தலை சுத்துதாம். அதைக் கேட்டு நான் ஒரு வாரம் சரியாச் சாப்பிடல."

பெரியவளுக்கு அந்தச் செய்தி அவ்வளவு இனித்தது. முகத்தில் காட்டிக்கொள்ளாமல் இருப்பதற்குப் பெரும்பாடுபட்டாள். அவளுக்கு அது முடியவில்லை என்பதைச் சின்னவள் பார்த்துவிட்டாள்.

"சிரிக்காதீங்க. இந்தத் தடவை என் பேருதான் முதல்ல வரணும்."

"வெச்சுக்கோ."

"தனியா, பெருசா."

"சரி, வெச்சுக்கோன்னு சொல்றேன்ல?"

பிறகு வேலை ஓடியது. மாமியார் காரை உறுமவிட்ட இடத்தில் சின்னவள் புகையைப் பறக்கவிட்டாள். தேர்வு அதிகாரி கண்ணை மூடிக்கொண்ட முகத்தில் பெரியவள் ஒரு நொடி கூடுதலாகப் பொறுத்து வெட்டினாள். இரண்டு இடத்தில் சண்டை வந்தது. ஒன்றில் பெரியவள் விட்டுக்கொடுத்தாள், ஒன்றில் சின்னவள். சின்னவள் டீ போட உள்ளே போனபோது, பெரியவள் கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, முதலில் வரவேண்டிய பெயரின் எழுத்தளவைக் கொஞ்சம் குறைத்தாள். பார்த்தாள். இன்னும் கொஞ்சம் குறைத்தாள். டீயைக் குடித்துவிட்டுக் கை கழுவ அவள் எழுந்து போய் வந்தாள். அந்த நேரத்தில் சின்னவளும் மௌஸைப் பிடித்திருந்தாள்.

மாமியாரை வரவழைத்துச் சோபாவில் உட்காரவைத்துப் படத்தைப் போட்டார்கள். அவர் தன்னைப் பார்த்துத் தானே கைதட்டினார். கம்பத்தை இடிக்காமல் திரும்பிய இடத்தில் எழுந்து நின்றுவிட்டார். கடைசியில் பெயர்கள் வந்தன. முதல் பெயர் எறும்பு ஊர்ந்த மாதிரி ஓர் ஓரத்தில் தெரிந்தது. இரண்டாவது பெயர் நல்ல பெரிய எழுத்தில் வந்தது, கண்ணைச் சிமிட்டுவதற்குள் மறைந்தது.

"என்னடி இது?" என்றார் மாமியார். "ஒண்ணு கண்ணுக்கே தெரியல. இன்னொண்ணு படிக்கறதுக்குள்ள போயிடுச்சு. யாருடி இந்தப் படத்தைப் பண்ணது?"

பெரியவள் சின்னவளைப் பார்த்தாள். சின்னவள் பெரியவளைப் பார்த்தாள்.

"கம்ப்யூட்டர்ல ஏதோ கோளாறு, அத்தை" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.